பாதியில் வாங்கிய விமானக் கிட்: எந்த வகையில் சான்று பெறுவது? ஒரு நிகழ்வு ஆய்வு

பேரா மாநிலத்தின் தெற்கே, செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சிறு பட்டணத்தில் 2022க்கும் 2025க்கும் இடையில் நடந்ததை இங்கே பதிவு செய்கிறோம். ஆட்களின் பெயர், ஊரின் பெயர், கிட் தயாரித்த நிறுவனத்தின் பெயர் எதையும் தரவில்லை. கிட் விமானம் என்பது பாகங்களாகப் பெட்டியில் வாங்கி நாமே பூட்டுவது. பாதி கட்டிய கிட் விமானம் விலைக்கு வருவது இப்போது அடிக்கடி நடக்கிறது. வாங்குகிறவர்கள் இஞ்சினையும் விலையையும் பார்க்கிறார்கள். எந்த வகையில் வான்தகுதிச் சான்று, அதாவது பறக்கத் தகுதியானது என்ற சான்று, கிடைக்கும் என்று கேட்பவர் குறைவு. இந்த நிகழ்வில் எல்லாச் சிக்கலும் அந்தக் கேள்வியைப் பிந்திக் கேட்டதால் வந்தவை.

## பின்னணி

கிட் அமெரிக்கத் தயாரிப்பு. இரண்டு இருக்கை, கீழ் இறக்கை, முழுக்க அலுமினியத் தகடு, ரிவெட் துப்பாக்கியால் இழுத்து அடிக்கும் பாப் ரிவெட். அதிகபட்ச எடை 600 கிலோ. இஞ்சின் ரோட்டாக்ஸ் 912 யூ.எல்.எஸ்., 100 குதிரைத் திறன். 2016இல் போர்ட் கிள்ளானில் பெட்டிகள் இறங்கின. வரவழைத்தவர் பட்டணத்தில் கடை வைத்திருந்த ஒருவர். வார இறுதிகளில் வேலை செய்து 2019 முடிவதற்குள் இரண்டு இறக்கைகளையும் வாலையும் முடித்து, உடற்பகுதியைப் பாதி எழுப்பியிருந்தார். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது, அதோடு அவர் உடல்நிலையும் கெட்டது. வேலை அப்படியே நின்றது. அவருடைய மகன் 2022இல் எல்லாவற்றையும் 68,000 ரிங்கிட்டுக்கு விற்றார்.

வாங்கியவர்கள் மூவர். முதலாமவர் செம்பனை ஆலையில் 34 வருடம் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டாமவர் அவருடைய அக்காள் மகன், சுபாங்கில் விமானப் பராமரிப்பில் உரிமம் பெற்ற பொறியாளர். மூன்றாமவர் நான்கு லோரி வைத்து ஓட்டுகிறவர். பெரிய பங்கான 28,000 ரிங்கிட்டைப் போட்டவர் இவர்தான்.

மூவருக்கும் மூன்று எண்ணம். பிட்டருக்குக் கட்டி முடிப்பதே ஆசை. மருமகனுக்குச் சொந்தமாகப் பறக்க வேண்டும். லோரி முதலாளி, முடிந்ததும் ஆளுக்கு 250 ரிங்கிட் வாங்கி மேலே ஏற்றிச் சுற்றிக் காட்டலாம், பிறகு பயிற்சியும் கொடுக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். இந்த மூன்றும் ஒரே வகைச் சான்றுக்குள் அடங்குமா என்று வாங்கும் நாளில் யாரும் கேட்கவில்லை. விற்பனைத் தாளில் 'லைட் ஸ்போர்ட் விமானம்' என்று ஒரு வரி இருந்தது, அதையே நம்பினார்கள்.

## கையில் வந்தவை

இரண்டு இறக்கைகள், வால், பாதி உடற்பகுதி, பெட்டி பிரிக்காத இஞ்சின், முன்கண்ணாடி, 3 பெட்டி சிறு உதிரிகள், தயாரிப்பாளரின் கட்டுமானக் கையேடு 2 தொகுதி. பறக்கும்போதே அலகுகளின் சாய்கோணத்தை மாற்றும் மின்சாரப் புரொபெல்லர் ஒன்றும் இருந்தது. அது கிட்டோடு வந்ததல்ல, முதல் உரிமையாளர் தனியாக வாங்கியது. வேலைப் பதிவேடு இல்லை. கையேட்டின் ஓரங்களில் சில தேதிகள் மட்டும் பென்சிலில் எழுதியிருந்தன.

இறக்கைகள் ஒரு தோட்டத்தின் பழைய உர ஸ்டோரில் வைக்கப்பட்டிருந்தன. ஓடு போட்ட, மழை ஒழுகாத கட்டடம் என்பதால் நல்ல இடம் என்று நினைத்திருக்கிறார்கள். இதைப் பற்றிப் பிறகு பார்ப்போம்.

## வகைகளைப் பற்றிப் புரிய வேண்டியது

மலேசியாவில் பதிவெண் 9எம் என்று தொடங்கும். வான்தகுதி பற்றி முடிவு செய்வது மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம். 2018 பிப்ரவரி 19 முதல் பழைய இலாகாவின் இடத்தில் இயங்குவது அதுதான். அமெரிக்க வகை இங்கே தானாகச் செல்லாது. ஆனாலும் விமானம் பிறந்த நாட்டில் அது எந்த வகைக்காக வடிவமைக்கப்பட்டது, அந்த வகையின் நிபந்தனையை இந்த ஒரு விமானம் நிறைவேற்றியதா என்பது கோப்பின் முதல் பக்கத்திலேயே வரும் கேள்வி. அதனால் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.யின் விதியை அவர்கள் வரி வரியாகப் படிக்க வேண்டியதாயிற்று.

2004 செப்டம்பர் 1 முதல் நடப்புக்கு வந்த அந்த விதியில் லைட் ஸ்போர்ட் என்பதற்கு அப்போது இந்த எல்லைகள் இருந்தன. தரையில் இறங்கும் விமானத்துக்கு 1,320 பவுண்டு, அதாவது 600 கிலோ. நீரில் இறங்குவதற்கு 650 கிலோ. இருக்கை இரண்டுக்கு மேல் கூடாது. முழு வேகம் மட்டப் பறப்பில் 120 நாட் (மணிக்கு 120 கடல்மைல்). இறக்கையின் பின்விளிம்பு மடலான ஃபிளாப்பை இறக்காமல் ஸ்டால் வேகம், அதாவது அதற்குக் கீழே இறக்கை விமானத்தைத் தாங்காத வேகம், 45 நாட். பிஸ்டன் இஞ்சின் ஒன்று. சக்கரம் மடக்கக் கூடாது. புரொபெல்லர் அலகுகளின் சாய்கோணம் நிலையானதாகவோ, தரையில் நிறுத்தி மட்டும் மாற்றக்கூடியதாகவோ இருக்க வேண்டும். மின்சாரப் புரொபெல்லர் இந்தக் கடைசி வரியிலேயே விழுந்துவிட்டது.

எல்லைக்குள் வரும் விமானமும் ஒரே வகையில் அடங்காது. மூன்று வழி உண்டு.

தொழிற்சாலையிலேயே முழுதாகக் கட்டி, ஏ.எஸ்.டி.எம். என்ற தர நிர்ணய அமைப்பின் தரத்துக்கு இணங்குகிறது என்று தயாரிப்பாளரே படிவம் 8130-15இல் உறுதிமொழி தருவது சிறப்பு லைட் ஸ்போர்ட். அதை வைத்துப் பயிற்சி கொடுத்துக் கட்டணம் வாங்கலாம், இஞ்சின் இல்லாத கிளைடரை இழுக்கலாம். காசு வாங்கி ஆள் ஏற்றிச் சுற்றிக் காட்ட அதிலும் அனுமதி இல்லை. லோரி முதலாளியின் கணக்கு மிகத் தாராளமான வகையிலேயே நிற்கவில்லை. மலேசியாவிலும் கூலிக்கு ஆள் ஏற்றத் தனி உரிமம் வேண்டும், அது வேறு உலகம்.

இரண்டாவது எக்ஸ்பெரிமென்டல் லைட் ஸ்போர்ட். கிட்டாக வாங்கி நாமே பூட்டுவது. அதே மாடலில் ஒன்றையாவது தயாரிப்பாளர் தொழிற்சாலையில் கட்டிச் சிறப்பு லைட் ஸ்போர்ட் சான்று வாங்கியிருக்க வேண்டும். எவ்வளவு வேலையை நாம் செய்தோம் என்பது கணக்கில்லை, 90 சதவீதம் முடிந்த கிட்டாக வந்தாலும் சரி. ஆனால் கையேட்டில் உள்ளபடியே, ஒரு துளையும் கூடாமல் குறையாமல் பூட்ட வேண்டும். மாற்றம் செய்ய ஆசை இருந்தால் சான்று கிடைத்த பிறகு செய்துகொள்ளலாம்.

மூன்றாவது சொந்தக் கட்டுமானம். கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ கட்டுகிறவர், கட்டுமானப் பணிகளில் பாதிக்கு மேல் தாமே செய்திருக்க வேண்டும். 51 சதவீத விதி என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். மணி நேரம், பணம், எடை எதுவும் இதில் அளவுகோல் அல்ல, பணிகளின் எண்ணிக்கைதான். கூலி கொடுத்துச் செய்வித்தது நம் கணக்கில் சேராது. எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம். புரொபெல்லர் தடையும் இல்லை.

பிந்திய இரண்டிலும் கூலிக்குப் பறக்க முடியாது. பறந்து பார்க்கும் சோதனைக் கட்டம் அமெரிக்க வழக்கத்தில் கிட் லைட் ஸ்போர்ட்டுக்கு 5 மணி நேரம். சொந்தக் கட்டுமானத்தில் இஞ்சினும் புரொபெல்லரும் சான்று பெற்ற இணையாக இருந்தால் 25 மணி, இல்லாவிட்டால் 40 மணி. இங்கே பொருத்திய 912 யூ.எல்.எஸ்., சான்று பெற்ற இஞ்சின் அல்ல. அதே தொழிற்சாலையின் 912 எஸ். தான் சான்று பெற்றது. பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும், பெயர்ப்பலகையைப் படிக்காமல் வாங்கக் கூடாது.

இதையெல்லாம் மருமகன் விளக்கிய அன்று லோரி முதலாளி கேட்டது: "அண்ணே, ஏரோப்ளேன் ஏரோப்ளேன்தானே? தாளில என்ன எழுதியிருந்தா என்ன?" பிட்டர் பதில் சொல்லவில்லை. மருமகன்தான் சொன்னார்: "இல்லண்ணே. ஒரே அச்சில ரெண்டு ஏரோப்ளேன் பக்கத்துல பக்கத்துல நிக்கும். ஒன்னுல பாடம் நடத்தலாம், இன்னொன்னுல முடியாது. வித்தியாசம் யார் பூட்டினாங்க, எப்படிப் பூட்டினாங்கங்கிறதுல இருக்கு."

## திறந்து பார்த்தபோது

முதலில் எல்லோருக்கும் பிடித்தது இரண்டாவது வழி. 5 மணிச் சோதனை, 51 சதவீதக் கணக்குத் தேவையில்லை, தயாரிப்பாளரின் தாளும் கிட்டோடு உண்டு. ஆனால் 'கையேட்டின்படி பூட்டினேன்' என்று கையெழுத்துப் போட வேண்டியவர் மருமகன். மூடியிருக்கும் இறக்கைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் அந்தக் கையெழுத்தைப் போட முடியாது. வலது இறக்கையின் கீழ்ப்பக்கத்தை மூடும் தகட்டை, அதாவது கீழ்த்தோலைக் கழற்ற முடிவு செய்தார்கள்.

பாப் ரிவெட்டைக் கழற்றுவது எளிது போலத் தோன்றும். நேரே துரப்பணத்தை வைத்தால் நடுவிலுள்ள எஃகுத் தண்டில் முனை வழுக்கி, பக்கத்து அலுமினியத்தைத் தின்றுவிடும், துளை முட்டை வடிவாகும். சரியான வழி, சிறு பன்ச் ஆணியால் அந்தத் தண்டை முதலில் உள்ளே தட்டிவிட்டு, பிறகு 3.2 மி.மீ. துரப்பணத்தால் தலையை மட்டும் எடுப்பது. பிட்டர் முதல் 20 ரிவெட்டைப் பழைய தகட்டில் பழகிப் பார்த்துவிட்டுத்தான் இறக்கையில் கை வைத்தார். 380 ரிவெட்டில் 9 துளை மட்டும் பெரிதானது, அவற்றுக்கு 4 மி.மீ. ரிவெட் அடிக்கப்பட்டது. உள்ளே விழுந்த தண்டுகளை எண்ணி எண்ணிக் காந்தத்தாலும் வேக்குவத்தாலும் எடுத்தார்கள். இறக்கைக்குள் கிடக்கும் ஒரு தண்டு பின்னால் கட்டுப்பாட்டுக் கம்பியில் சிக்கலாம்.

தோலைத் தூக்கியதும் மூன்று விஷயம் தெரிந்தது.

இறக்கையின் நீளத்துக்கு ஓடும் விட்டமான பின் ஸ்பாரின் நிமிர்ந்த தகட்டில், கையேட்டில் இல்லாத ஒரு 19 மி.மீ. துளை. ஆட்டோபைலட் மோட்டாருக்கு ஒயர் விடுவதற்காகப் படிப்படியாக அகலும் துரப்பணத்தால் போட்டது. விளிம்பு ரிவெட் வரிசைக்கு 6 மி.மீ. தூரத்தில் இருந்தது. விளிம்பை விரல் நகத்தால் தடவினால் பிசிறு நகத்தில் மாட்டியது, உராய்ந்து மழுக்கவே இல்லை. திரும்பத் திரும்ப வளைந்து உலோகம் களைத்து விழும் விரிசல் தொடங்குவது இப்படிப்பட்ட பிசிறில்தான். சாயம் ஊற்றி ஊடுருவல் சோதனை செய்ததில் விரிசல் இன்னும் விழவில்லை என்று தெரிந்தது.

இரண்டாவது, அதே மோட்டாருக்கான தாங்கி, இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டங்களான ரிப்களில் இரண்டில் ரிவெட் அடித்துப் பொருத்தப்பட்டிருந்தது. இதற்கும் தயாரிப்பாளரின் வரைபடம் இல்லை.

மூன்றாவதை யாரும் எதிர்பார்க்கவில்லை. இறக்கையை முன்விளிம்பு தரையைப் பார்க்கும்படி தொட்டிலில் நிறுத்தி வைத்திருந்தார்கள். அந்த விளிம்பை ஒட்டி உட்புறத்தில் உப்புப் பூத்தது போல வெள்ளைப் பொடி. துடைத்தால் அடியில் ஊசி முனையளவு குழிகள். செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. ஸ்டோர் தரையில் வருடக்கணக்காகச் சிந்திய தூள், ஈரக்காற்றில் கசிந்து மேலே ஏறியிருக்கிறது. குளோரைடு அலுமினியத்தின் மேல் இயல்பாக இருக்கும் காப்புப் படலத்தை உடைக்கும், உடைந்த இடத்தில் குழி ஆழமாகும். கூரை ஒழுகவில்லை என்பது இதற்குப் பாதுகாப்பே இல்லை.

## முடிவுகளும் காரணங்களும்

தயாரிப்பாளருக்குப் படங்களோடு கடிதம் போனது. பதில் தெளிவாக வந்தது: துளைக்கு ஒட்டுத்தகடு போட்டுப் பலப்படுத்தினால் விமானம் பாதுகாப்பாக இருக்கலாம், ஆனால் அது கையேட்டில் இல்லாத வேலை, எனவே அந்தக் கிட்டுக்கான இணக்க உறுதிமொழி செல்லாது. உறுதிமொழி வேண்டுமானால் பின் ஸ்பாரையும் இரண்டு ரிப்களையும் புதிதாக வாங்கி மாற்ற வேண்டும். கப்பல் கூலியோடு சுமார் 14,000 ரிங்கிட்.

இங்கேதான் உண்மையான தேர்வு. ஸ்பாரை மாற்றி லைட் ஸ்போர்ட் வழியில் போவதா, ஒட்டுத்தகடு போட்டுச் சொந்தக் கட்டுமான வழியில் போவதா?

மருமகன் சொந்தக் கட்டுமானத்தைத் தேர்ந்தார். அவர் சொன்ன முதல் காரணமே போதுமானது: வலது இறக்கையைப் பார்த்தாயிற்று, இடது இறக்கையும் வாலும் இன்னும் மூடியிருக்கின்றன, வலதில் ஒளிந்திருந்தது அவற்றிலும் இருக்கலாம். எல்லாவற்றையும் திறந்து, ஒவ்வொரு துளையையும் வரைபடத்தோடு ஒப்பிட்டால்தான் 'கையேட்டின்படி' என்று சொல்ல முடியும். சொந்தக் கட்டுமானத்தில் அந்த வாக்கியமே இல்லை. விமானம் பாதுகாப்பான நிலையில் இருக்கிறதா, யார் கட்டினார்கள் என்பதே கேள்வி. பணத்தைப் பார்த்தாலும் அதே முடிவுதான், கூலிக்குப் பறக்க இரண்டு வகையிலும் வழியில்லை.

இந்தத் தேர்வின் விலை 35 மணிக் கூடுதல் சோதனைப் பறப்பு. அதோடு 51 சதவீதத்தை நிரூபிக்கும் சுமையும் வந்து சேர்ந்தது.

அந்த நிரூபணம் பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். எஃப்.ஏ.ஏ. படிவம் 8000-38இல் ஒவ்வொரு பணிக்கும் நான்கு பத்தி உண்டு: கிட் தயாரிப்பாளர் செய்தது, கூலிக்குச் செய்வித்தது, அமெச்சூர் பூட்டியது, அமெச்சூர் உருவாக்கியது. ஒரு பணியைப் பல பத்திகளில் பத்தில் ஒரு பங்குகளாகப் பிரித்து எழுதலாம். பெயிண்ட், இருக்கை மெத்தை, மின்னணுக் கருவிகள் கணக்கில் வராது, அவற்றை யாரிடம் கொடுத்தாலும் குற்றமில்லை. பாதியில் வாங்கியவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: முந்தைய உரிமையாளரும் அமெச்சூர்தான் என்றால் அவர் செய்ததும் சேரும். ஆனால் அவர் செய்தார் என்பதற்கு ஆதாரம் வேண்டும்.

பதிவேடு இல்லாத இடத்தில் ஆதாரம் ஒரு பழைய கைப்பேசியில் கிடைத்தது. முதல் உரிமையாளரின் மகன் தேடிக் கொடுத்த 412 படங்களில் தேதி பதிந்திருந்தது. பெரும்பாலானவற்றில் அவருடைய தந்தையின் கை தெரிந்தது, சிலவற்றில் முகமே தெரிந்தது. படங்களைக் கையேட்டின் பக்க எண்களோடு பொருத்த பிட்டருக்கு மூன்று வாரம் ஆயிற்று. அதே படங்கள் இன்னொன்றையும் காட்டின: உடற்பகுதியின் பின்கூம்பை ஒரு பட்டறையில் கூலிக்கு அடிக்கச் செய்திருக்கிறார்கள். மறைக்காமல் அது இரண்டாம் பத்தியில் எழுதப்பட்டது. மிச்ச வேலையை எல்லாம் தாங்களே செய்தால் தயாரிப்பாளர் 38, கூலி 9, அமெச்சூர் 53 என்று கணக்கு வரும். பாதியைத் தாண்டி நிற்பது மூன்றே சதவீதம். முன்கண்ணாடிச் சட்டத்தை ஈப்போவில் கொடுத்துச் செய்யலாம் என்றிருந்த திட்டம் அன்றே கைவிடப்பட்டது. வேலை தெரிந்த இடம்தான், ஆனாலும் அந்தச் சில பணிகள் கூலிப் பத்திக்குப் போனால் கணக்கு பாதி என்ற கோட்டை ஒட்டி நிற்கும்.

மின்சாரப் புரொபெல்லர் கழற்றப்பட்டது. சொந்தக் கட்டுமானத்தில் அதை வைத்திருக்கலாம் என்பதால் பிட்டருக்கு இதில் மனமில்லை. மருமகனின் வாதம் இது: அந்த 2004 வரையறையில், விமானம் முதல் சான்று பெற்ற நாளிலிருந்து தொடர்ந்து எல்லைக்குள் இருந்திருக்க வேண்டும் என்று ஒரு வாசகம் உண்டு. சொந்தக் கட்டுமான விமானமும் அந்த எல்லைக்குள் இருந்தால் அமெரிக்காவில் ஸ்போர்ட் உரிமம் வைத்திருப்பவர் ஓட்டலாம். ஒரு நாள் எல்லை தாண்டிச் சான்று வாங்கிவிட்டால் பிறகு புரொபெல்லரை மாற்றினாலும் திரும்ப முடியாது. பின்னால் விற்க நேர்ந்தால் இது விலையைத் தொடும். கழற்றுவதாக இருந்தால் சான்றுக்கு முன்பே கழற்ற வேண்டும்.

2025 ஜூலையில் அறிவித்த புதிய அமெரிக்க விதி எடை வரம்பையும் இந்தப் புரொபெல்லர் தடையையும் எடுத்துவிட்டது. ஓட்டுநர் பகுதி 2025 அக்டோபர் 22இலும், விமானச் சான்றுப் பகுதி 2026 ஜூலை 24இலும் நடப்புக்கு வரும் என்று நாள் குறிக்கப்பட்டது. இந்த முடிவு எடுத்தபோது அது இல்லை. இன்று கிட் வாங்குகிறவர் புதிய வரையறையைப் படித்துவிட்டு முடிவு செய்ய வேண்டும், இங்குள்ள எண்களை அப்படியே எடுக்கக் கூடாது.

லோரி முதலாளி தம் பங்கை மற்ற இருவருக்கும் விற்று விலகினார். தவணையாக 14 மாதத்தில் 28,000 ரிங்கிட்டும் திருப்பித் தரப்பட்டது. சண்டை இல்லை, ஆனால் இந்தப் பேச்சு வாங்கும் முன் நடந்திருக்க வேண்டியது.

ஆணையத்துக்கு விண்ணப்பம் போடும் முன்பே ஒரு கேள்விக் கடிதம் அனுப்பப்பட்டது. இந்தக் கோப்புக்குக் கேட்கப்பட்டவை: பிறந்த நாட்டில் கிட்டின் வகைக்கு அத்தாட்சி, கட்டியவர்கள் பற்றிய பதிவு, பழுதுபார்ப்புக்கு உரிமம் பெற்றவர் கையெழுத்து, எடை-சமநிலை அறிக்கை. வேறொரு கோப்புக்கு வேறு கேட்கலாம், இதையே பட்டியலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

## வேலை

ஸ்பார் துளையின் பிசிறு நீக்கி, விளிம்பை மழுக்கி, 1 மி.மீ. ஒட்டுத்தகடு இரு வரிசை ரிவெட்டோடு போடப்பட்டது. ஆட்டோபைலட் தாங்கி எடுக்கப்பட்டது. அரிப்பு விழுந்த இடங்களைச் சுரண்டிச் சமப்படுத்தி ஆழம் அளந்தார்கள். 0.5 மி.மீ. தகட்டில் 10 சதவீதத்துக்கு மேல் போன இடம் எதையும் விடுவதில்லை என்று தங்களுக்கென ஒரு வரம்பு வைத்துக்கொண்டார்கள். அதன்படி இரண்டு மூக்கு ரிப்களும் ஒரு தோல் துண்டும் புதிதாக வந்தன. மற்ற 11 இடங்களுக்கு வேதிப்பூச்சும் எப்பாக்சி பிரைமரும். இடது இறக்கைக்குள் ஆய்வுத் துளை வழியே கேமரா விட்டுப் பார்த்ததில் அரிப்பு இருந்தது, துளை இல்லை. வெள்ளைப் பொடி தெரிந்த பகுதியில் மட்டும் தோல் திறக்கப்பட்டது.

இஞ்சின் ஒரு மணி நேரம்கூட ஓடாதது. அதனால் புதியது என்று நினைக்கக் கூடாது. ரோட்டாக்ஸில் ரப்பர் குழாய்களுக்கு ஆயுள் 5 வருடம், ஓடினாலும் ஓடாவிட்டாலும். 6 வருடம் பெட்டியில் இருந்த குழாய்கள் எல்லாம் மாற்றப்பட்டன. கார்புரேட்டர் மிதவைகள் இன்னொரு பிரச்சினை. ஒரு கார்புரேட்டரின் இரண்டு மிதவைகளும் சேர்ந்து 7 கிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அவை பெட்ரோலை உறிஞ்சிக் கனத்துவிட்டன என்று அர்த்தம், அப்போது அவை தாழ்ந்து மிதந்து, அறைக்குள் பெட்ரோல் மட்டம் ஏறி, இஞ்சின் குறைந்த ஓட்டத்தில் தடுமாறும். அந்தளவு நுண்ணிய தராசு பட்டறையில் இல்லை. பட்டணத்து நகைக்கடையில் தங்கம் நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தார்கள். ஒரு ஜோடி 6.6, இன்னொன்று 7.1. இரண்டாவது ஜோடி மாற்றப்பட்டது.

எடை போட்டதில் ஒரு பாடம் உண்டு. 2023 கடைசியில், மின்சாரப் புரொபெல்லரும் முதல் உரிமையாளர் வாங்கியிருந்த கனமான பேட்டரியும் மெத்தைகளும் இருந்தபடி ஒரு முறை நிறுத்தபோது வெற்றெடை 391 கிலோ. ஏ.எஸ்.டி.எம். தரத்தில் இரண்டு இருக்கை, 100 குதிரைத் திறனுக்குக் குறைந்தபட்சப் பயன்சுமை 430 பவுண்டு, அதாவது வெற்றெடை 890 பவுண்டை, சுமார் 404 கிலோவைத் தாண்டக் கூடாது. 391 அதற்குள்தான். ஆனால் 600இல் மிச்சம் 209. ஆளுக்கு 80 கிலோ வீதம் இருவர் உட்கார்ந்தால் 49 கிலோ மீதி, 75 லிட்டர் பெட்ரோல் தொட்டியை நிரப்பினால் பெட்ரோல் மட்டும் 54 கிலோ. தரத்துக்குள் இருக்கிற விமானத்தில் இரண்டு பேர் ஏறித் தொட்டியை நிரப்ப முடியாது. புரொபெல்லர், பேட்டரி, மெத்தை மாற்றிய பிறகு மூக்குச் சக்கரத்தில் 62, இடதில் 156, வலதில் 158, மொத்தம் 376. இப்போது இருவர், முழுத் தொட்டி, 10 கிலோ பை. மூக்கில் எடை குறைந்ததால் ஈர்ப்பு மையம் பின்னால் நகர்ந்தது, அதைச் சரிக்கட்டப் புதிய பேட்டரியை, இஞ்சினையும் ஆள் உட்காரும் அறையையும் பிரிக்கும் தீச்சுவரின் முன்பக்கம் வைத்தார்கள். எடையைக் குறைக்கிறவர்கள் எங்கே குறைக்கிறோம் என்று பார்க்காமல் விடுவது வழக்கமான தவறு.

## பறப்பும் பின்விளைவும்

அனுமதி 2024 நடுவில் வந்தது, நிபந்தனைகளோடு: பகலில் மட்டும், கண்ணால் பார்த்துப் பறக்கும் விதியில், குறித்த பகுதிக்குள், சோதனை முடியும் வரை ஒருவர் மட்டும், கட்டணம் கூடாது. தோட்டத்தின் செம்மண் சாலை நேராக 700 மீட்டர் இருக்கிறது, அங்கேயே ஏற்றலாமே என்று சிலர் சொன்னார்கள். ஏற்கவில்லை. இறக்கைகளைக் கழற்றி, ட்ரெய்லரில் ஏற்றி, அனுமதி உள்ள விமானத் தளத்துக்குக் கொண்டுபோனார்கள்.

சோதனைப் பறப்பின் மூன்றாவது மணி நேரத்தில், 33 டிகிரி வெயிலில் ஏறும்போது எண்ணெய் வெப்பம் 128க்குப் போனது. உச்ச வரம்பு 130. மருமகன் உடனே மட்டப்படுத்தித் திரும்பினார். இஞ்சின் மூடிக்குள் காற்று தடுப்புகளைச் சுற்றிக் கசிந்து, எண்ணெய்க் குளிர்விப்பானுக்குள் போகாமல் வெளியேறியது. சிலிக்கான் பட்டை ஒட்டி இடைவெளிகளை மூடி, வெளியேறும் வாயில் 25 மி.மீ. உதடு போன்ற தகடு வைத்த பிறகு அதே வெயிலில் 112.

ஏழாவது மணி நேரத்தில், இறங்கி 20 நிமிடம் நிறுத்திவிட்டு மீண்டும் கிளப்பியபோது பெட்ரோல் அழுத்தம் 0.15 பார் அளவுக்கும் கீழே ஆடியது. சூட்டில் பெட்ரோல் குழாயில் ஆவி கட்டியிருக்கிறது. கையேட்டில் உள்ள திரும்பு குழாய், மிஞ்சும் பெட்ரோல் தொட்டிக்குத் திரும்பிப் போகும் வழி, முதல் உரிமையாளரின் குழாய்ப் படத்தில் இல்லை. அதையே இவர்களும் தொடர்ந்திருந்தார்கள். திரும்பு குழாய் சேர்த்ததும் அழுத்தம் நிலைத்தது. வகை எதுவானாலும் தயாரிப்பாளரின் கையேடு சும்மா எழுதப்பட்டதல்ல. சொந்தக் கட்டுமானம் மாற்ற அனுமதிக்கிறது, அதற்காக மாற்றம் சரியாகிவிடாது.

ஒரு நண்பர் தாய்லாந்தின் ஹாட்யாய்க்குப் பறந்து போகலாமா என்று கேட்டார். சிகாகோ உடன்படிக்கையின் 33ஆவது பிரிவின்படி நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்வது குறைந்தபட்சத் தரத்தை எட்டிய வான்தகுதிச் சான்றை. சொந்தக் கட்டுமானமும் சேர்ந்த எக்ஸ்பெரிமென்டல் வகை அதற்குள் வராது, எல்லை தாண்ட ஒவ்வொரு நாட்டிடமும் தனி அனுமதி வேண்டும்.

## மறுபடி செய்தால் மாறுபவை

பணம் கைமாறும் முன் மூவரும் உட்கார்ந்து, விமானத்தை எதற்குப் பயன்படுத்தப் போகிறோம் என்று ஒரு வரியில் எழுதுவார்கள். அந்த வரிதான் வகையைத் தீர்மானிக்கும்.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை: கிட்டின் வரிசை எண், தயாரிப்பாளரின் உறுதிமொழித் தாள் இருக்கிறதா, பதிவேடு, படங்கள், கூலிக்குக் கொடுத்த வேலை எவை, கையேட்டிலிருந்து மாறிய இடம் எவை. கடைசிக் கேள்விக்கு 'ஒன்றும் இல்லை' என்று பதில் வந்தால், ஒரு இறக்கையின் ஒரு ஆய்வுத் துளைக்குள்ளாவது கேமராவை விட்டுப் பார்க்க அனுமதி கேட்க வேண்டும். அனுமதி இல்லையென்றால் விலையில் ஸ்பார் மாற்றும் செலவைக் கழிக்க வேண்டும்.

வேலை நாள்தோறும் பதிவாக வேண்டும்: தேதி, கையேட்டுப் பக்கம், செய்தவர் பெயர், ஒரு படம். படத்தில் ஆளின் முகமும் பாகமும் சேர்ந்தே தெரிய வேண்டும். 412 படம் கிடைத்தது இவர்களின் அதிர்ஷ்டம். கிடைத்திராவிட்டால் முதல் உரிமையாளரின் நான்கு வருட உழைப்பு யாருடையது என்று தெரியாமலே போயிருக்கும்.

இறக்கையை உர ஸ்டோரிலோ, ரப்பர் பாலுக்கு அமிலம் வைக்கும் கொட்டகையிலோ, கோழிக்கூண்டுக்குப் பக்கத்திலோ வைக்கக் கூடாது. வீட்டுக் கூடத்தில் சுவரோரம் நிறுத்தினாலும் பரவாயில்லை.

2025 கடைசியில் 40 மணியில் 31 முடிந்திருக்கிறது. ஒவ்வொரு 10 மணிக்கும் வலது இறக்கையின் ஆய்வுத் துளையைத் திறந்து, ஒட்டுத்தகட்டின் விளிம்பைப் பூதக்கண்ணாடியால் பார்த்து, பிட்டர் பதிவேட்டில் தேதி போட்டுக் கையெழுத்திடுகிறார். இதுவரை மூன்று கையெழுத்து, மூன்றிலும் 'விரிசல் இல்லை'.